பிரித்துப் பின்னுதல்

ஒரு கைவேலையில் ஊறிப்போனவர்களுக்கு, மற்றக் கைவேலைகளையும் ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்ற சபலம் எப்போதாவது வந்தே தீரும். எனக்குச் சிறு பிராயம் முதல் இரண்டு ஊசிகளைக் கொண்டு கம்பளி நூல் பின்னுவதில்தான் அபிமானம். நீலகிரியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வெறும் பொழுதுபோக்காக இருக்க முடியாது. மார்கழி, தை மாதங்களில் புல்தரையெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும் ஊரில் ஸ்வெட்டர் இல்லாமல் காலைப் பொழுது நகராது. இருந்தும், வயதும் அவகாசமும் கூடக்கூட, குரோஷா, தக்ளி, டாட்டிங், வயர் கூடை, எம்ப்ராய்டரி என்று நூலும் இழையும் சம்பந்தப்பட்ட வேலைகளில் கண்ணில் பட்டதையெல்லாம் சிரத்தையோடு பழகிப் பார்த்தேன்; ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு ருசி இருந்தது; முடிவில் மறுபடியும் பழைய ஊசிகளிடமே வந்து சேர்ந்தேன். பழக்க தோஷம் என்கிறாள் என் தங்கை. பாதி வாஸ்தவம். மற்றப் பாதிக்கு ஒரு காரணம் உண்டு.

பின்னியதை முழுவதும் பிரித்து மறுபடி வெறும் நூலாக்கிக்கொள்ளலாம் என்பதே அந்தக் காரணம். கம்பளி நூல் விலை கூடிய சரக்காக இருந்த காலத்தில், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்பதற்காக ஸ்வெட்டரைத் தூக்கிப் போடும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அம்மா முதலில் தோள் தையலையும் பக்கத் தையலையும் அவிழ்ப்பாள். பிறகு, பின்னி முடித்த முனையைத் தேடி எடுத்து இழுப்பாள். தொடங்கிய முனையிலிருந்து இழுத்தால் கண்ணிகள் சிக்கிக்கொள்ளும். முடித்த முனையிலிருந்து இழுத்தால்தான் வரிசை வரிசையாகக் கழன்று வரும். சுருண்டு சுருண்டு வரும் அந்த நூலை நாற்காலியின் முதுகில் சிட்டமாகச் சுற்றி, நாலைந்து இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, அடியில் லேசான கனம் ஒன்றைத் தொங்கவிட்டு உலர்த்தினால், சுருள் நீங்கி நூல் பெரும்பாலும் பழைய ஸ்வபாவத்துக்கு வந்துவிடும். முழங்கையில் நைந்த பாகம் கழிந்துபோக, குறைகிற நூலுக்கு வேறொரு நிறத்தைச் சேர்த்துப் பட்டை பட்டையாகப் பின்னுவாள். எங்கள் தெருப் பிள்ளைகளின் ஸ்வெட்டர்களில் ஓடிய கோடுகளுக்கு இதைத் தவிர வேறு சௌந்தரிய சாஸ்திரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

குரோஷாவையும் இவ்வாறு பிரிக்கலாமே என்று அதில் தேர்ந்தவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். குரோஷாவில் எந்த நேரத்திலும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி. கொக்கியை உருவிவிட்டு நூலை இழுத்தால் மளமளவென்று பிரியும். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போகிறவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான பின்னல் இல்லை. ஊசிப் பின்னலிலோ நூறு, நூற்றைம்பது கண்ணிகள் ஒரே சமயத்தில் ஊசியில் காத்திருக்கும். அவற்றில் ஒன்று நழுவினால் கீழ்க்கண்ணி, அதற்கும் கீழ்க்கண்ணி என்று செங்குத்தாக இறங்கி ஏணிபோல் ஓடிவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் அஞ்சுவது இந்த ஏணிக்குத்தான். ஆயினும் இந்தப் பலவீனமே அதன் பெரிய அனுகூலம் என்பது சில காலம் பின்னிய பிறகு விளங்கும். இருபது வரிசைக்குக் கீழே நிட் என்ற நேர்க்கண்ணி விழ வேண்டிய இடத்தில் பர்ல் என்ற எதிர்க்கண்ணி விழுந்திருப்பது கண்ணில் பட்டால், அந்த ஒரு பத்தியை மாத்திரம் வேண்டுமென்றே இறக்கிவிட்டு, பிசகிய கண்ணிவரை போய், குரோஷாக் கொக்கி ஒன்றினால் ஒவ்வொரு குறுக்கு இழையையும் கண்ணிக்குள் இழுத்து இழுத்து மேலேறி வந்துவிடலாம்; பக்கத்துக் கண்ணிகளுக்குச் சேதி கூடத் தெரியாது. குரோஷாவில் இந்தத் தாட்சண்யம் கிடையாது. இருபது வரிசைக்குக் கீழே உள்ள பிசகைத் திருத்த, மேலேயுள்ள இருபது வரிசைகளையும் அழித்தாக வேண்டும். வேறொரு பின்னலைத் திருத்தக் கைகொடுக்கும் கொக்கிக்குத் தன் வேலையைத் திருத்திக்கொள்ள வழியில்லாதது விசித்திரம்தான்.

இதனால் குரோஷாவை நான் குறைத்து மதிப்பதாகக் கொள்ள வேண்டாம். 1589இல் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் காலுறை பின்னும் சட்டகத்தை அமைத்த நாள் முதல் ஊசிப் பின்னல் இயந்திரத்துக்கு வசப்பட்டுவிட்டது; திருப்பூரின் பனியன் துணி அந்த வம்சத்தில் வந்ததே. குரோஷாவோ இன்றளவும் ஆலைக்கு அடங்காமல், கடைக்கு வரும் ஒவ்வொரு மேஜை விரிப்பிலும் யாரோ ஒரு பெண்ணின் கையுழைப்பைக் கேட்டு நிற்கிறது. அதனால் அந்தப் பெண்ணுக்குக் கூலி உயர்ந்ததா என்றால், இல்லை. ஆந்திராவின் நரசாபுரத்து லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் எழுதி 1982இல் வெளியான நூலைப் படித்தவர்கள், நாள் முழுவதும் உழைப்பவர்களை ‘வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள்’ என்று கணக்கிட்டுக்கொள்வதில் வியாபாரிகளுக்கு எவ்வளவு லாபம் இருந்தது என்பதை அறிவார்கள்.

மற்ற வேலைகளில் எனக்கு மிகுந்த பிரயோஜனம் தந்தது கையால் நூல் நூற்கும் தக்ளிதான். ஆதாரக் கல்வி நடந்த காலத்தில் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “இப்படி இழுக்காதேம்மா, பஞ்சு தானாக வரட்டும்” என்று பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினார். நூற்ற நூல் அழகாக அமைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முறுக்கு என்பது என்ன என்று அன்றுதான் கை அறிந்தது. ஒற்றை இழையாக நூற்ற நூலைச் சற்றுத் தளர்த்திப் பிடித்தால், தனக்குள் அடைபட்ட முறுக்கைத் தாங்காமல் தன்மேலேயே சுருண்டுகொள்ளும். அத்தகைய இரண்டு இழைகளைச் சேர்த்து, நூற்ற திசைக்கு எதிர்த் திசையில் முறுக்கினால், இரண்டும் ஒன்றையொன்று சமாதானப்படுத்தி நூல் நேராக நிற்கும். கடையில் நாலு இழை நூல் என்று கேட்டு வாங்குகிற நாம், அந்த நான்கும் ஏன் சேர்ந்திருக்கின்றன என்று யோசிப்பதில்லை. ஒற்றை இழையில் நேர்ப் பின்னல் பின்னினால் துணி ஒரு பக்கமாகச் சாய்ந்துபோகும். சில பனியன்களில் நாலு சலவைக்குப் பிறகு விலாவில் இருந்த தையல் வயிற்றுப் பக்கம் நகர்ந்து வருவது இந்த முறுக்கின் திருவிளையாடலே.

டாட்டிங்கில் நான் அதிக நாள் நிலைக்கவில்லை. ஓடம்போன்ற ஒரு சின்ன நாடாவில் நூலைச் சுற்றி, விரல்களுக்கிடையே முடிச்சு முடிச்சாகப் போட்டு வளையங்களைச் சமைக்கும் வேலை அது. முடிச்சைப் போட்டவுடன், அதை நாடா நூலிலிருந்து கைநூலுக்கு மாற்றிவிடும் சூட்சுமமான ஓர் இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. அது வராவிட்டால் முடிச்சு பூட்டிக்கொள்ளும், வளையம் சுருங்காது. சரியாக விழுந்த முடிச்சையும் ஊசி முனையால் நெம்பித்தான் அவிழ்க்க வேண்டும். இதைவிடக் கடினமானது தலையணை லேஸ். நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா 1820களில் பெண்களுக்கு அதைக் கற்பித்தார். அவர் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது அந்த வித்தையும் உடன் சென்றது. திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, கட்டைகளில் சுற்றிய பல நூல்களை மாற்றி மாற்றிக் குறுக்கிட்டு முறுக்கும் அந்த வேலையைப் பார்த்து வியப்பதோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

வயர் கூடையைப் பற்றி அதிகம் சொல்வானேன். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுகளின் பெயர்களே பசியைக் கிளப்பும். ஆனால் வயரை முதலிலேயே அளவு பார்த்து வெட்டிவிட வேண்டும், வெட்டியது வெட்டியதுதான். தறித் துணியும் அப்படியே. பாவை அறுத்து இறக்கிய பிறகு அதற்குத் திரும்பும் வழியில்லை. எங்கள் மலையில் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூல்களால், வரைபடம் ஏதுமின்றித் துணியின் இழைகளை எண்ணியே போடும் வேலைப்பாட்டுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாழ்நாளில் உடுத்துவதோடு, இறந்தவரைப் போர்த்தி அனுப்புவதும் பூத்குளி என்ற அந்தப் போர்வைதான். அழியாமல் நிலைக்க வேண்டும் என்று செய்யப்படும் வேலை அது. அதனிடம் போய்ப் பிரிக்கும் சௌகரியத்தைப் பேசுவது அபத்தம். எனக்கு வாய்த்ததோ வளரும் பிள்ளைகளுக்கான பின்னல்.

பெட்டியில் பழைய கம்பளி ஸ்வெட்டர் வைத்திருப்பவர்கள், அதை யாருக்காவது தூக்கிக் கொடுப்பதற்கு முன் உட்புறம் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். ஓரக் கண்ணிகள் அறுபடாமல் வரிசையாக நின்று, ஒரே நூலால் இணைக்கப்பட்டிருந்தால், அது உடலுக்கேற்ற வடிவில் பின்னியது; தாராளமாகப் பிரிக்கலாம். ஓரம் கத்தரிக்கப்பட்டு ஓவர்லாக் தையல் ஓடியிருந்தால், அகலத் துணியாகப் பின்னி வெட்டித் தைத்தது. பிரித்தால் வரிசைக்கு ஒரு துண்டாகத்தான் நூல் வரும். வெந்நீரில் அடித்துத் துவைத்து இறுகிப்போனதும் பிரியாது. அதை வெட்டிச் சூடான பாத்திரம் இறக்கும் துணியாக வைத்துக்கொள்ளலாம்.