எந்தத் தெரு?

ஊர் சுற்றுவது நம் மக்களுக்கு நீண்ட காலம் வாய்க்காத ஒன்று. பிழைப்பு தேடி அலைந்திருக்கிறோம்; தேயிலைத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் கப்பலேறியிருக்கிறோம். ஆனால் சும்மா வேடிக்கை பார்க்க, கால் போன போக்கில் ஒரு தெருவுக்குள் நுழைய நம்மை விட்டதில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு நம் அப்பன்மார் கடந்த தெருக்கள் எத்தனை! அதனால்தான் நண்பர்கள் நான்கு பேர் லண்டனில் ஒரு பகல் முழுக்க நடந்ததையும் எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு பயிற்சிக்காகப் போயிருந்தோம். கிடைத்த ஒரு விடுமுறை நாளில் அண்ணல் அம்பேத்கர் வாழ்ந்த, படித்த இடங்களை நடந்தே பார்ப்பது என்று முடிவு செய்தோம். சாக் ஃபார்ம் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கி, கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீட்டின் முன்னால் போய் நின்றோம். 1921-22இல் அவர் இங்கே வாழ்ந்தார் என்று சுவரில் ஒரு நீல வட்டப் பலகை சொல்கிறது. 2015இல் மகாராஷ்டிர அரசு வாங்கிய வீடு இது. குடியிருப்புப் பகுதியில் நினைவகம் கூடாது என்று இங்கேயும் தகராறு நடந்து, 2020இல்தான் அனுமதி கிடைத்தது.

அந்தப் பலகையைப் பார்த்தபோது எங்களுக்கு பரோடா நினைவுக்கு வந்தது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசுப் பணிக்குப் போன அம்பேத்கருக்கு அங்கே ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கினார். தடியோடு வந்து துரத்தினார்கள். சொந்த நாட்டில் கிடைக்காத அறை அந்நிய ஊரில் கிடைத்தது. அதற்காக இந்த ஊரை நாம் புனிதப்படுத்த வேண்டியதில்லை. நம்மை ஆண்டு கொழுத்த தலைநகரம்தானே இது. ஸ்ட்ராண்ட் சாலையின் பளபளப்பான கடை வாசல்களில் அட்டையை விரித்துப் படுத்திருந்த மனிதர்களையும் அன்று பார்த்தோம்.

பிரிம்ரோஸ் குன்றில் ஏறி இறங்கி, ரீஜண்ட் பூங்கா வழியாக யூஸ்டன் பக்கம் வந்தோம். எவரும் எங்களை நிறுத்திக் கேட்கவில்லை. பசித்ததும் டிரம்மண்ட் தெருவில் தோசை சாப்பிட உட்கார்ந்தோம். தமிழ்ப் பேச்சைக் கேட்டு, பக்கத்து மேசைப் பெரியவர் அன்பாகத் திரும்பினார்.

"எந்த ஊரு தம்பி?"

"விழுப்புரம் பக்கம்ங்க."

"விழுப்புரத்துல எங்க?"

ஊரைச் சொன்னோம்.

"அட, நமக்கும் அங்க சொந்தம் உண்டு. ஊருல எந்தத் தெரு?"

"காலனிங்க" என்றார் எங்கள் தோழி, சட்னியைத் தொட்டுக்கொண்டே. பெரியவர் தலையை ஆட்டிவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எங்களிடம் பேசவில்லை.

சாதி கடல் தாண்டாது என்று நினைப்பவர்களுக்கு இது போதும். பிரிட்டனின் சமத்துவச் சட்டத்தில் சாதிப் பாகுபாட்டையும் சேர்க்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் அரசைக் கட்டாயப்படுத்தியது. சாதி இந்து அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று சொல்லி 2018இல் அரசு கைகழுவியது.

அங்கிருந்து, திறந்ததிலிருந்து மூடும்வரை அவர் உட்கார்ந்து படித்த பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பாரிஸ்டர் பட்டத்துக்குப் படித்த கிரேஸ் இன், 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்ற லண்டன் பொருளாதாரப் பள்ளி. இவற்றையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைக்கு வந்தபோது கால்கள் கெஞ்சின.

வட்டமேசை மாநாட்டின் அமர்வுகள் நடந்த இடம் இது. 1930இல் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக இங்கே வந்தவர்கள் இருவர். அம்பேத்கரை உலகம் அறியும். மற்றவர் நம் இரட்டைமலை சீனிவாசன். செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தியவர். பொதுச் சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் எவரும் தண்ணீர் எடுக்கலாம் என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்ததும் அவர்தான். அதை அரசு ஆணையாகவே வெளியிட்டது.

தெருவில் நடக்க ஒரு தீர்மானம், ஓர் அரசாணை! அதை வாங்கிய மனிதர் ஆறு ஆண்டுகள் கழித்து, எழுபதை ஒட்டிய வயதில், மன்னர்களின் அரண்மனைக்குள் நடந்து போய் நம் பங்கைக் கேட்டார். எங்கள் நான்கு பேருக்குமே பள்ளிக்கூடம் இதைச் சொல்லித் தரவில்லை.

அந்த ஆணை வந்து நூறாண்டு கடந்துவிட்டது. லண்டனில் எங்களால் 7, 8 கிலோமீட்டர் தடையில்லாமல் நடக்க முடிந்தது. நம் ஊரில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு பொதுப்பாதையில் நடக்க இன்றும் காவல்துறை பாதுகாப்பு கேட்க வேண்டியிருக்கிறது. புதிதாக எந்தச் சட்டமும் வேண்டாம். 1924இல் வாங்கிய தெருவை முதலில் நமக்குத் திறந்துவிடுங்கள்.