குழுவுக்கு வந்த கொரோனா கடன்

"சர்க்கார் சொல்லிக் கொடுக்கிற கடன்தானே, வாங்கிப் போட்டால் என்ன?" என்று கேட்கிற சகோதரிகள் உண்டு. "கடனில்லாத கஞ்சி கால் வயிறு போதும்" என்று ஒதுங்குகிறவர்களும் உண்டு. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் இந்த இரண்டு கட்சிகளும் இருந்தன. குழுவின் கணக்கை எழுதுகிறவள் நான். ஆகவே இரு தரப்புப் பேச்சும் என் காதில்தான் முதலில் விழும்.

நாங்கள் 14 பேர். பூ விற்கிறவர், இட்லிக் கடை போட்டிருப்பவர், தையல் மெஷின் வைத்திருப்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், என்னைப் போல் வீட்டோடு இருப்பவர்கள் என்று பலதரம். மார்ச் 25-ஆம் தேதி நாடே அடைபட்டது. கோயில் இல்லை, கல்யாணம் இல்லை. பிறகு பூ ஏது, ரவிக்கை தைக்கிற வேலைதான் ஏது?

மறுநாளே மத்திய அரசு, சுய உதவிக் குழுக்கள் ஈடு இல்லாமல் வாங்கக்கூடிய கடனின் வரம்பை ரூ. 10 லட்சத்திலிருந்து ரூ. 20 லட்சமாக உயர்த்துவதாக அறிவித்தது. பொதுத்துறை வங்கிகள் சில, உறுப்பினருக்கு ரூ. 5,000 வரை, குழுவுக்கு ரூ. 1 லட்சம் வரை அவசரக் கடன் தர முன்வந்தன. எங்களுக்கும் வங்கியிலிருந்து சேதி வந்தது. 14 பேருக்கும் சேர்த்து ரூ. 70,000!

மே மாதக் கடைசியில், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, தள்ளித் தள்ளி உட்கார்ந்து பேசினோம். தையல் வேலை செய்யும் பெண் சொன்னாள்: "அமெரிக்காவிலே இப்படித்தான் கடன்னு கொடுத்து, அப்புறம் கட்டவே வேணாம்னுட்டாங்களாமே அக்கா! நமக்கும் தள்ளுபடி ஆயிடும், பாருங்க."

அவள் கேள்விப்பட்டது பொய்யில்லை. அங்கே சிறு தொழில்களும் தரும ஸ்தாபனங்களும்கூட அப்படிக் கடன் வாங்கின. ஆனால் வாங்கிய பணத்தை ஊழியர் சம்பளத்துக்கும் வாடகை போன்ற செலவுக்கும் பயன்படுத்திக் கணக்குக் காட்டினால் திருப்பிக் கட்ட வேண்டாம் என்பது அந்தச் சட்டத்திலேயே இருந்தது. எங்கள் வங்கிக் காகிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. பழைய கடன்களுக்கு ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணை தள்ளிவைக்க அனுமதித்ததும்கூட அவகாசம்தான். வட்டி பாட்டுக்கு ஏறிக்கொண்டுதான் இருந்தது.

"அப்படின்னா வேண்டவே வேண்டாம்" என்றார் இன்னொரு அக்கா. அதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இட்லிக் கடை அக்கா அஞ்சு வட்டிக்காரரிடம் போகிற நிலையில் இருந்தார். 5,000 ரூபாய்க்கு மாதம் 250. வருஷத்துக்கு 3,000 ரூபாய் வட்டியே போய்விடும். வங்கி வட்டியை நூற்றுக்கு ஆண்டுக்கு 12 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 600 ரூபாய்தான். மானத்தைப் பார்த்து வங்கியை விட்டுவிட்டு, வட்டிக்காரர் வாசலில் நிற்பதா?

நான் சொன்னது இதுதான்: கை நீட்டிச் செய்ய ஒரு வேலை இருந்து, அதைத் திரும்பத் தொடங்கப் பணம் இல்லாதவருக்குக் கடன் நல்லது. வேலையே போய்விட்டவருக்குக் கடன் கொடுப்பது, கிணற்றில் விழுந்தவர் தலையில் கல்லைப் போடுவது மாதிரி. அவருக்கு வேண்டியது உதவி. ரேஷன் கார்டுக்கு ரூ. 1,000 என்று மாநில அரசு ஏப்ரலில் கொடுத்ததே, அது உதவி.

கடைசியில் ஒன்பது பேருக்கு மட்டும் ரூ. 45,000 வாங்கினோம். யார், எதற்கு, மாதம் எவ்வளவு என்று தீர்மான நோட்டில் எழுதினோம். கடன் குழுவின் பேரில் என்பதால், ஒருவர் கட்டாவிட்டால் அந்தப் பாரம் எல்லோர் தலையிலும்தான். ஆகவே வாங்காத ஐந்து பேரிடமும் இதை உடைத்துச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம். வீட்டு வேலை போய்விட்ட இருவருக்கு எங்கள் சேமிப்பிலிருந்து இரண்டு மாதத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிக் கொடுத்தோம். அதைக் கடன் கணக்கில் எழுதவில்லை.

நடுவில் பூக்கார அக்கா இரண்டு தவணை தவறினார். குழு கட்டியது, தை மாதம் முகூர்த்தம் வந்ததும் அவரே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

2021-இல் தமிழக அரசு குழுக்களின் கடன் ரூ. 2,756 கோடியைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது, தையல்காரப் பெண் ஓடி வந்தாள். அது கூட்டுறவு நிறுவனங்களில் வாங்கி, நிலுவையில் நின்ற கடனுக்கு. எங்களுடையதோ பொதுத்துறை வங்கிக் கடன். தள்ளுபடியை நம்பிக் கட்டாமல் இருந்திருந்தால் எங்கள் கதி என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்!

உங்கள் குழுவுக்கும் இப்படிக் கடன் வரலாம். வேண்டாம் என்று ஓட வேண்டியதில்லை. வந்ததே என்று பாயவும் வேண்டாம். திருப்பிக் கட்ட வேண்டியதா, வட்டி எவ்வளவு, முதல் தவணை என்றைக்கு, ஒருவர் தவறினால் யார் கட்டுவது என்று நான்கையும் வங்கியில் வாய்விட்டுக் கேளுங்கள். பதிலைக் குழுவில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத சகோதரிக்கும் புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.