கேள்விக்கு வயது அதிகம்

தலை எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது? என் ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரும்பகுதி இந்தக் கேள்வியோடு போயிருக்கிறது. இதை நான் கேட்டது கடற்கரைச் சேற்றில் வளை தோண்டி வாழும் ஒரு புழுவிடம். அதற்குக் கண் இல்லை, காது இல்லை, நம்முடையதைப் போன்ற மூளையும் இல்லை. அதன் கருவில் நரம்புகள் எப்படி உருவாகின்றன, எந்த நரம்பணு எந்த இடத்தில் அமைய வேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது என்று பார்ப்பது என் வேலை. ஒரு மனிதரின் பணிக்காலத்தைவிட நீளமான கேள்வியை எடுத்துக்கொண்டவர் அதோடு எப்படி வாழ வேண்டும் என்பது இந்த வேலை எனக்குக் கற்றுத்தந்த பாடம். அது தாமதமாகத்தான் புரிந்தது. இப்போது ஆராய்ச்சிக்குள் நுழையும் பிள்ளைகளுக்குச் சீக்கிரமே புரிய வேண்டும் என்ற ஆசையில் இதை எழுதுகிறேன்.

விலங்கியல் படித்தவர்களுக்கு இந்தப் புழு பழக்கமானது: பலனோகிளாஸஸ். தமிழ்நாட்டில் விலங்கியல் பட்டம் வாங்கியவர்களில் 'பலனோகிளாஸஸின் இன உறவுகள்' என்ற கட்டுரை வினாவுக்குத் தயாராகாதவர்கள் குறைவு. நம்மையும் உள்ளடக்கிய முதுகுநாணிகளோடு உள்ள ஒற்றுமைகள், நட்சத்திர மீன் போன்ற முட்தோலிகளோடு உள்ள ஒற்றுமைகள், கடைசியில் 'ஆகவே இவை அரைநாணிகள் என்ற தனித் தொகுதி' என்ற முடிவுரை. நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கினேன்.

பிறகு பரங்கிப்பேட்டைக்கு எம்.எஸ்ஸி. படிக்கப் போனேன். பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா தொடங்கிவைத்த கடல் உயிரியல் மையம் அது; வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. எங்களைக் கழிமுகத்துக்கு அழைத்துப்போகும் ஆய்வக உதவியாளர் ஒருவர் இருந்தார்; எல்லோருக்கும் அவர் அண்ணன். அமாவாசை கழிந்து எத்தனையாவது நாள் என்று சொன்னால் போதும், எந்த நேரத்துக்குச் சேறு வெளியே தெரியும் என்று சொல்லிவிடுவார். “வத்தம் நமக்காக நிக்காது பாப்பா. நாமதான் அதுக்கு முன்னாடி போயி நிக்கணும்” என்பார். கடல் உயிரியலில் நான் கேட்ட முதல் உண்மையான பாடம் அதுதான்.

அங்கே நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான், நான் மனப்பாடம் செய்த விடைக்குப் பின்னால் எத்தனை பேர் வரிசையாக நிற்கிறார்கள் என்று தெரிந்தது. 1825இல் எஷ்ஷோல்ட்ஸ் இந்த வகைப் புழு ஒன்றை முதன்முதலாக விவரித்தபோது, கடல் அட்டையின் உறவு என்று நினைத்தார். 1866இல் ரஷ்யரான கோவலெவ்ஸ்கி அதன் உடலில் மீனுக்கு இருப்பதைப் போன்ற செவுள் பிளவுகள் இருப்பதைக் கண்டார். கடலில் மிதக்கும் டார்னேரியா என்ற லார்வாவை நட்சத்திர மீனின் குஞ்சு என்று எல்லோரும் எண்ணியிருக்க, அது இந்தப் புழுவின் குஞ்சு என்று மெச்னிக்கோவ் காட்டினார். வளர்ந்த உயிரி நம் பக்கத்தைக் காட்டுகிறது, குஞ்சு நட்சத்திர மீனின் பக்கத்தைக் காட்டுகிறது. 1883, 1884 கோடைகளில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வில்லியம் பேட்சன் என்ற இளைஞர் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போய் இதன் கருவளர்ச்சியைக் கட்டம் கட்டமாக வரைந்தார். புழுவின் முன்பகுதியில் இருக்கும் ஒரு சிறு தண்டை முதுகுநாண் என்று கருதி, இதை நம் கூட்டத்தில் சேர்த்தார். எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்த முதுகுநாணி ஒற்றுமைகள் பெரும்பாலும் பேட்சனிடமிருந்து வந்தவை.

ஆய்வுப் பட்டத்துக்கு வெளிநாடு போனபோது, பேட்சன் வரைந்த அதே இனம் என் கைக்கு வந்தது: சேக்கோகிளாஸஸ் கோவலெவ்ஸ்கி. கோடை முடியும் வாரங்களில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உட்ஸ் ஹோல் ஊருக்குப் போவோம். 1888இல் தொடங்கிய கடல் உயிரியல் ஆய்வகம் அங்கே இருக்கிறது. பக்கத்து விரிகுடாவில் நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்கினால், சேற்றின் மேல் சுருள் சுருளாகப் புழுவின் கழிவு கிடக்கும். அதுதான் அடையாளம். மண்வெட்டியால் ஒரு கட்டியைப் புரட்டி, பிறகு விரலால் மெல்லப் பிரிக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் உடல் அறுந்துவிடும். அயோடின் வாடை கையில் ஏறும். சோப்புப் போட்டாலும் போகாது.

ஆய்வகத்தில் பெண் புழுக்களைத் தனித்தனிக் கிண்ணத்தில் விட்டு, நீரின் வெப்பத்தைச் சில டிகிரி உயர்த்தி, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சில முட்டையிடும், சில இடாது. முட்டை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கருவுறச் செய்து, மேலுறையை நுண்ணிடுக்கியால் ஒவ்வொன்றாக நீக்கி, குறிப்பிட்ட மரபணு வேலை செய்யும் இடத்தில் மட்டும் ஊதா நிறம் ஏறும்படி சாயமேற்ற வேண்டும். உருப்பெருக்கியில் அந்தக் கருவை முதன்முதலாகப் பார்த்தபோது என் கண் கலங்கிவிட்டது. உடலைச் சுற்றி ஓர் ஊதா வளையம். அடுத்த மரபணுவுக்கு அதற்குப் பின்னால் இன்னொரு வளையம்.

அந்த வளையங்களின் பொருளை 2003இல் கிறிஸ்டோபர் லோ, ஜான் கெர்ஹார்ட், மார்க் கிர்ஷ்னர் முதலியோர் வெளியிட்ட ஆய்வு சொல்லியிருந்தது. முதுகெலும்பிகளில் மூளையையும் தண்டுவடத்தையும் முன்னிருந்து பின்னாக வகுக்கும் 22 மரபணுக்களை இந்தப் புழுவின் கருவில் அவர்கள் தேடினார்கள். ஏறத்தாழ அதே வரிசையில் அவை இருந்தன. நமக்கு முன்மூளையில் வேலை செய்பவை புழுவின் மூக்குப் பகுதியில். பின்மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்பவை அதன் உடற்பகுதியில். நமக்கு அவை முதுகுப் பக்கத்து நரம்புக் குழாயில் முக்கியமாகத் தெரிகின்றன. புழுவிலோ தோல் முழுவதையும் சுற்றி வளையமாக ஓடுகின்றன, ஏனென்றால் அதன் நரம்பணுக்கள் தோலெங்கும் பரவிக் கிடக்கின்றன. நம் மாதிரியான மூளை தோன்றுவதற்கு முன்பே அதற்கான வரைபடம் இருந்திருக்கிறது.

2006இல் இன்னொரு வியப்பு வந்தது. முதுகெலும்பிகளின் கருவில் பிஎம்பி என்ற புரதம் நரம்பு உருவாவதைத் தடுக்கும். அந்தப் புரதத்தைப் புழுவின் கருவுக்கு அதிகமாகக் கொடுத்தும் நரம்புகள் மறையவில்லை. 2009இல் வேறொரு குழு, வளர்ந்த புழுவின் நரம்பு வடங்கள் நாம் எண்ணியதைவிட ஒருங்கிணைந்தவை என்று காட்டியது. அப்படியென்றால் நமக்கும் புழுவுக்கும் பொதுவான மூதாதைக்கு நடு நரம்பு வடம் இருந்ததா, இல்லையா? அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

இவ்வளவு அழகான வேலையைச் செய்துகொண்டே நான் பயத்திலும் பொறாமையிலும் வாழ்ந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய பணிகள் எல்லாம் ஓரிரண்டு ஆண்டு ஒப்பந்தம். என் புழுவோ ஆண்டில் சில வாரங்களே முட்டையிடும். ஒரு பருவம் கைவிட்டுப்போனால் ஓர் ஆண்டு போயிற்று. பக்கத்து ஆய்வகத்தில் பழ ஈ வைத்து வேலை செய்பவர்களுக்குப் பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். அவர்களுடைய கட்டுரைகள் அடுத்தடுத்து வெளியாகும்போது வாழ்த்துச் சொல்லிவிட்டு, என் அறைக்கு வந்து வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். நிதிக்கு விண்ணப்பித்த ஓரிடத்தில், எந்த நோய்க்கு இது உதவும் என்று ஒற்றை வரியில் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். தொலைபேசியில் அப்பா, “வேலை எப்பம்மா நிரந்தரமா ஆவும்?” என்பார். குறையாகக் கேட்க மாட்டார். மழை உண்டா என்று கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்பார். அதுதான் அதிகம் வலிக்கும். என்னோடு தொடங்கிய பெண்களில் பலர் முப்பதுகளின் நடுவில் விலகிப்போனார்கள். அவர்கள் யாருக்கும் திறமை குறைவில்லை. குழந்தை வளர்ப்பதற்கும் ஊர் ஊராக ஒப்பந்தம் தேடுவதற்கும் ஒரே வயது வாய்த்தது. எனக்கும் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை வந்தது. ஏற்றுக்கொள்வதாகக் கடிதம் எழுதியும் வைத்துவிட்டேன்.

அந்த நாட்களில் ஒரு கருவின் வயதைச் சரிபார்ப்பதற்காகப் பேட்சனின் பழைய கட்டுரைகளை எடுத்தேன். அவருடைய படங்களை என் உருப்பெருக்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட அந்தக் கோடுகள் என் கருவோடு பொருந்தின. பிறகு அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

பேட்சனுக்குத் தன் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. கருவளர்ச்சியைப் பார்த்து மட்டும் உயிர்களின் பூர்வகதையைச் சொல்லிவிட முடியாது என்று அவர் அந்தத் துறையை விட்டே விலகினார். ஓர் உறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இன்னோர் உறுப்பு முளைத்த விசித்திரங்களைத் தேடிச் சேர்த்து, 1894இல் பெரிய புத்தகமாக வெளியிட்டார். 1926இல் இறந்துபோனார். அத்தகைய விசித்திரங்களைப் பழ ஈயில் துரத்திக்கொண்டு போனவர்கள் 1980களில், உடலில் எந்த உறுப்பு எங்கே அமைய வேண்டும் என்பதை வகுக்கும் ஹாக்ஸ் மரபணுக்களின் பொது அடையாளத்தைக் கண்டுபிடித்தார்கள். 2003இல் புழுவின் கருவில் தேடிய 22 மரபணுக்களில் ஹாக்ஸ் மரபணுக்களும் உண்டு. பேட்சன் புழுவை விட்டுவிட்டு எங்கே போனாரோ, அங்கிருந்துதான் புழுவின் கேள்விக்கு வெளிச்சம் வந்திருக்கிறது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அவர் முதுகுநாண் என்று கருதிய அந்தச் சிறு தண்டும் அப்படி நிலைக்கவில்லை. 2014இல் நோரியுகி சாத்தோவும் உடன் ஆய்வாளர்களும், அது நம் தொண்டைப் பகுதி உறுப்புகளோடு உறவுடையதாக இருக்கலாம் என்று காட்டினார்கள். பேட்சனின் முடிவு ஆட்டம் கண்டுவிட்டது. அவர் வரைந்த படங்கள் இன்றும் உதவுகின்றன. இதை உணர்ந்த நாளில் எனக்குள் ஏதோ அவிழ்ந்தது. என் ஒப்பந்தம் முடியும் தேதிக்குள் கேள்வியும் முடிந்தாக வேண்டும் என்று என்னையே நெருக்கிக்கொண்டிருந்தேன். கேள்வி எனக்கு முன்பே பிறந்தது, எனக்குப் பின்பும் இருக்கும். என் பங்கு, அடுத்து வருபவர் நம்பி எடுத்துக்கொள்ளும்படி ஒரு துண்டைச் செய்து வைப்பது. மருந்து நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தை நான் அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு வேலை செய்யும் விதம் மாறியது. நீரின் வெப்பம், உப்பளவு, ஏற்றவற்றம், முட்டையிடாத புழுக்கள், சாயம் ஏறாத கருக்கள் என எல்லாவற்றையும் பிறருக்குப் புரியும்படி குறிப்பேட்டில் எழுதுகிறேன். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதையும் மாணவர்கள் ஆய்வேட்டில் எழுதச் சொல்கிறேன். படங்களையும் தரவுகளையும் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். 2017இல் பால் கோன்சாலஸ், லோ முதலியோர் வேறோர் அரைநாணியின் லார்வாவைப் பற்றி எழுதினார்கள். அந்த லார்வா, மரபணுக் கணக்கின்படி, ஏறக்குறைய நீந்தும் தலை மட்டுமே. உடற்பகுதி பின்னால்தான் சேருகிறது. என் கேள்வியின் ஒரு பகுதிக்கு வேறொருவர் கையிலிருந்து விடை வந்திருந்தது. முன்பு என்றால் இரவு முழுவதும் தூக்கம் வந்திருக்காது. அன்று மனதார மகிழ்ந்தேன், மறுநாளே வகுப்பில் பாடமாக நடத்தினேன்.

இதைக் கேட்டுவிட்டு, பொறுமை இருந்தால் போதும் என்று இளையவர்கள் நினைத்துவிடக் கூடாது. பொறுமை வாடகை கட்டாது. பருவத்துக்கு மட்டும் முட்டையிடும் உயிரியோடு, ஆய்வகத்தில் ஆண்டு முழுவதும் முட்டையிடும் இன்னொன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பிளாட்டினெரிஸ் என்ற கடற்புழுவும் நெமடோஸ்டெல்லா என்ற கடல் அனிமோனும் அப்படிப்பட்டவை. நுண்படமெடுப்பும் மரபணுத் தரவுக் கணக்கும் கற்றுக்கொள்ளுங்கள். அவை எந்த ஊரிலும் சம்பளம் தரும். விலகிப் போவதும் தோல்வியில்லை. பேட்சனே விலகிப்போனவர்தான்.

இப்போது நான் ஊர்ப்பக்கம் திரும்பி வந்து கற்பிக்கிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்றான குருசடையில் டைகோடெரா ஃபிளேவா என்ற அரைநாணி வாழ்கிறது. எஷ்ஷோல்ட்ஸ் 1825இல் விவரித்தது இந்த இனத்தைத்தான். உடலை இரண்டாக வெட்டினால் பின்பாதியிலிருந்து தலை மீண்டும் முளைப்பதை ஹவாயில் ஆய்வு செய்திருக்கிறார்கள். 2015இல் இதன் மரபணுத் தொகுப்பும் வெளியாகிவிட்டது. உலகம் தேடிப் படிக்கும் உயிரி நம் கடலில் இருக்க, நாம் அதை முடிந்துபோன விடையாக மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம். ஆகவே என் மாணவர்களிடம் இன உறவுகள் பற்றிய அந்த வினாவை இரண்டாகப் பிரித்துக் கேட்கிறேன். முதல் பாதி, தெரிந்தவை. இரண்டாம் பாதி, இன்னும் தீராதவை, அவற்றைத் தீர்க்க நீ என்ன செய்வாய் என்பது. இரண்டுக்கும் சம மதிப்பெண். இரண்டாம் பாதியை நன்றாக எழுதும் பிள்ளைகளிடம்தான் இந்தக் கேள்வியை ஒப்படைக்க நினைக்கிறேன்.