சதுப்பு நிலத்தோரம்

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் செல்லும் சாலையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் கடந்து சென்றால் மேடவாக்கம். 2022-ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்நிலத்தின் ஓரத்துப் பூங்காவில் நாம் மாலைதோறும் நடப்பதுண்டு. நாரைகள் பல, பங்கின் தாய்மாரோ அரியர்.

காரணம் வினவினால், "வீட்டில் வேலை கிடக்கையில் உலாவப் போவது மனத்தை உறுத்துகிறது, சாமி" என்பர். உறுத்துதற்குரிய பாவம் இதில் யாது? 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலை செய்யும் இந்தியப் பெண்டிர் அதற்கெனச் செலவிடுவது நாளொன்றுக்கு 289 நிமிடங்கள், ஆடவர் 88. சோழிங்கநல்லூர் அலுவலகங்களிலிருந்து இருட்டியபின் திரும்பும் மகளிர்க்கு அதன் பின்னரே அடுக்களை தொடங்குகிறது.

பணி முடித்து வந்த திருத்தூதரைத் தனித்த இடத்துக்குச் சென்று சற்றே இளைப்பாறுமாறு ஆண்டவர் பணித்தார். உண்பதற்கும் அவர்களுக்கு நேரமில்லாதிருந்தது என்று மாற்கு 6-ஆம் அதிகாரம் காரணமும் கூறுகிறது. எல்லாருக்கும் பரிமாறிய பின் நின்றபடியே உண்ணும் நம் தாய்மார் அவ்வரியை அறியாதவரல்லர். அது தங்களுக்கும் உரியதென எண்ணாதவர், அவ்வளவே.

அண்மையில் ஓர் இல்லத்தரசியார் பூங்காவுக்கு வரத் தொடங்கியுள்ளார். அம்மாலைகளில் தோசை வார்ப்பவர் கணவர். முதல் நாள் கருகிவிட்டதாம். செய்தி கைப்பேசியில் வந்தது. அம்மையார் சிரித்துவிட்டு, இன்னும் ஒரு சுற்று நடந்தார்.