காணாத குளிருக்கு ஒரு காதுப்பட்டி

திருகோணமலை நகருக்கு வடக்கே, உப்புவெளியைக் கடந்து கடலோரமாய்ச் சென்றால் வருவது சல்லி. முத்துமாரியம்மன் கோயிலாலும் மீன்பிடித் தொழிலாலும் பெயர்பெற்ற இச்சிற்றூரிலே கம்பளி நூலுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. மார்கழி மாதத்து வாடை வீசும்போதுகூட, விடியற்புறத்தில் கடலுக்குப் போகிறவர்கள் ஒரு துவாயைக் காதோடு சேர்த்துத் தலையிற் கட்டிக்கொள்வார்கள். வெயில் ஏறியதும் அதே துவாய் தோளுக்கு இறங்கிவிடும். இவ்வூர்க் குளிரின் கதை அவ்வளவே.

ஆயினும் பாடசாலை விடுமுறை நாட்களில் எம் வீட்டு விறாந்தையிற் கூடும் மாணவியர் சிலருக்கு நாம் குரோசே பின்னல் சொல்லிக்கொடுத்து வருகின்றோம். அதிலே முதற் பாடமாக நாம் வைத்திருப்பது குளிர்நாடுகளில் அணியும் காதுப்பட்டி. அதனைப் பின்னும் முறையையும், அதனையே முதலில் வைப்பதற்கான காரணத்தையும் இங்கே கூற விழைகின்றோம்.

இவ்வூர்ப் பிள்ளைகளுக்குக் கண்ணும் முடிச்சும் புதியவை அல்ல. முற்றத்தில் வலை பொத்துவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ஆனால் வலைக்கும் குரோசேக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. வலையின் முடிச்சு விழுந்தால் விழுந்ததுதான். மீனின் இழுப்புக்கும் அலையின் இழுப்புக்கும் அது அசையலாகாது. குரோசேயிலோ முடிச்சென்பதே அருமை. ஒரு வளையத்தினூடே மற்றொரு வளையத்தை இழுப்பதுதான் முழு வேலையும். பிழைத்துவிட்டால் ஊசியைக் கழற்றி நூலை இழுத்தாற் போதும். பிழை உள்ள இடம்வரை தானாக அவிழ்ந்துவிடும், நூலும் வீணாகாது. கற்கத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிடத் தைரியம் தருவது வேறென்ன?

தேவையானவை சில: நடுத்தரப் பருமனுள்ள கம்பளி நூல் 100 கிராம், 5 மில்லிமீற்றர்க் கொக்கி ஊசி, இந்நூலைக் கோக்கத்தக்க பெரிய தையலூசி, அளவுநாடா.

நூலின் நுனியில் உருவுமுடிச்சொன்று இட்டு அதனைக் கொக்கி ஊசியில் மாட்டுங்கள். நூலை ஊசிமேற் சுற்றி, அந்த வளையத்தினூடே இழுத்தால் ஒரு சங்கிலிக் கண் பிறக்கும். இவ்வாறு 15 கண்கள் போடுங்கள். ஊசிக்கு அடுத்துள்ள முதற் கண்ணை விட்டு, இரண்டாவதில் ஊசியை நுழைத்து நூலை இழுத்தெடுத்தால் ஊசியில் இரண்டு வளையங்கள் நிற்கும். மீண்டும் நூலைச் சுற்றி, இரண்டினூடும் ஒருசேர இழுத்துவிடுங்கள். ஒரு பின்னல் முடிந்தது. வரிசையின் இறுதியில் 14 பின்னல்கள் இருக்கவேண்டும். பின்னர் ஒரு சங்கிலிக் கண் போட்டு, வேலையைத் திருப்பி, அடுத்த வரிசையைத் தொடங்கலாம். இரண்டாம் வரிசை முதல், ஒவ்வொரு பின்னலின் தலையிலும் தெரியும் இரண்டு இழைகளுள் பின்னிழையில் மாத்திரம் ஊசியை நுழைக்கவேண்டும். அவ்வாறு செய்தால் வயலின் வரம்பும் வாய்க்காலும்போல மேடுபள்ளம் தோன்றும். பட்டி இழுபட்டுத் தலையைப் பற்றிக்கொள்வதற்கு அதுவே காரணம்.

ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் எண்ணிப்பார்ப்பதை மறக்கலாகாது. ஓரத்துப் பின்னலைத் தவறவிட்டால் பட்டி வரவர ஒடுங்கி முக்கோணமாகிவிடும். தலைச் சுற்றளவிலும் 2 அங்குலம் குறைவாக நீளம் வந்ததும் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்து, எஞ்சிய நூலை உட்புறத்தில் மறைத்துவிட்டால் ஏறக்குறைய 4 அங்குல அகலத்தில் காதுப்பட்டி ஆயத்தம். கையை இறுக்கிப் பின்னவேண்டாம். குளிரைத் தடுப்பது நூல் மட்டுமன்று. நூலிழைகளுக்கிடையே அசையாது தங்கும் காற்றும் ஆகும். இறுகிய பின்னலில் அக்காற்றுக்கு இடமில்லை.

சென்ற மார்கழியில், பேர்த்தியை அழைத்து வந்த அயல்வீட்டு மூதாட்டி ஒருவர் தாமும் ஓர் ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆயுள் முழுவதும் வலை பொத்திய கை. இரண்டு நாளில் பிடிபட்டுவிட்டது. அவருடைய மகள் குடும்பம் கனடாவின் ரொறன்ரோ நகரில் இருக்கிறது.

“அங்கத்தைக் குளிர் எப்படி ரீச்சர் இருக்கும்?” என்று கேட்டார்.

நாமும் அதனை அனுபவித்தவரல்லோம். “ஐஸ் பெட்டிக்குள் மீன் அடுக்கும்போது விரல் விறைக்குமல்லவா, ஆச்சி? அந்த விறைப்பு காதிலே ஏறி நிற்பதாக எண்ணிப்பாருங்கள். காதில் கொழுப்பும் இல்லை, தசையும் இல்லை, அதனால் முதலில் விறைப்பது அதுதான்” என்றோம். அதன்பின் அவர் தலை நிமிரவில்லை.

பதினைந்தரை அங்குலம் வந்ததும் போதுமென்று நிறுத்தினார். பேரனைப் பத்து மாதக் குழந்தையாகத் தூக்கி விடைகொடுத்த நினைவில் வந்த அளவு அது. பிள்ளைக்கோ இப்பொழுது ஒன்பது வயது. மகளிடம் தொலைபேசியிற் கேட்டபோது, தலைச் சுற்றளவு இருபதரை அங்குலம் என்று விடை வந்தது. ஆச்சி அளவுநாடாவை வளைத்துப் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிழமைதோறும் தொலைபேசித் திரையிலே பேரனின் முகத்தைக் காண்கிறவர்தாம். ஆனால் திரை முகத்தைக் காட்டுமேயன்றி அளவைக் காட்டாது. பிறகு ஒன்றும் பேசாமல் மீதி மூன்று அங்குலத்தையும் பின்னி முடித்தார்.

பொதி போய்ச் சேர்ந்த அன்று, தமிழிற் சில சொற்களே அறிந்த அச்சிறுவன், “அம்மம்மா, காது சுடுகுது” என்றானாம். “சுடுகுதில்லையடா, கணகணப்பா இருக்கெண்டு சொல்லு” என்று இவர் திருத்த, அவன் அச்சொல்லை மூன்று முறை சொல்லிப் பழகினானாம். அதனை எம்மிடம் கூறியபோது அந்த முகத்தில் இருந்த பூரிப்பை எழுத்தில் வடித்தல் எளிதன்று.

தம் உடல் அறியாத குளிருக்காகக் கை உழைப்பது வேறிடங்களிலும் காணக்கூடியதே. அமெரிக்காவின் மேயின் மாநிலத்தில், 1873ஆம் ஆண்டு, செஸ்ரர் கிறீன்வூட் என்னும் 15 வயதுச் சிறுவன் பனிச்சறுக்கும்போது காது நோவப் பெற்று, கம்பி வளையம் ஒன்றைச் செய்து தன் பாட்டியிடம் கொடுத்தான். பாட்டி அதன் இரு நுனிகளிலும் உரோமமும் துணியும் வைத்துத் தைத்துக் கொடுத்தார். 1877இல் அவன் அதற்குக் காப்புரிமை பெற்றான். நோவு பேரனுடையது, தையல் பாட்டியுடையது. கம்பளிக்கு வேலையே இல்லாத சென்னை நகரிலே, 2016ஆம் ஆண்டு, பெண்கள் பலர் தத்தம் கையாற் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீற்றர் பரப்புள்ள குரோசேப் போர்வையை விரித்து உலக சாதனை நிலைநாட்டினர். நம் தீவிலேயே 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், தை மாத விடியலிற் புல்மேல் உறைபனி படியும் நாட்களுமுண்டு. ஆகவே சல்லியிற் பின்னும் காதுப்பட்டிக்குக் கடல் கடந்துதான் உரியவரைத் தேடவேண்டுமென்பதில்லை.

மாணவர்களே, நீங்கள் முதலிற் பின்னுவது மேசை விரிப்பாக இருக்கவேண்டாம். அது பாதியில் நின்று அலுமாரிக்குள் உறங்கும். சில மாலைப்பொழுதுகளில் முடியக்கூடிய சிறு பொருளாக, ஒருவருக்கு வேண்டிய பொருளாக இருக்கட்டும். யாருடைய தலைக்கு என்பதை ஊசியை எடுக்குமுன்னரே தீர்மானியுங்கள். அவருடைய தலையின் அளவைக் கேட்டு எழுதி வையுங்கள். நெடுநாள் பேசாதிருந்த உறவினரானால், அளவு கேட்பதற்காகவேனும் அவரோடு பேசியாகவேண்டும்.