படுதா தைக்கிறவர்கள் சொன்னது

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். துளை போடும் இயந்திரம் ஒரு லாரியில் இருக்கும். ராடு, டீசல், அரிசி மூட்டை, அடுப்பு எல்லாம் கூடவே வரும் இன்னொரு லாரியில். ஆட்கள் மாதக்கணக்கில் ஊர் திரும்ப மாட்டார்கள். துளை விழுகிற இடத்திலேயே சமையல், அங்கேயே தூக்கம். லாரியின் பக்கவாட்டிலிருந்து படுதாவை இழுத்துக் கட்டி அதற்கடியில் பாயை விரித்துவிடுவார்கள். வண்டியில் போய்த் தரையில் கூடாரம் அடித்துத் தங்குவதை நகரத்தில் இப்போது விடுமுறைக் கொண்டாட்டமாகப் பேசுகிறார்கள். இவர்களுக்கு அது பிழைப்பு. அதனால்தான் ஜீப்பில் எடுத்துப் போக ஒரு கூடாரம் வேண்டும் என்று வந்தபோது, இவர்களுக்குப் படுதா தைத்துக் கொடுப்பவர்களிடம் முதலில் போனேன்.

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற பக்கம், லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கும் டயர்க் கடைகளுக்கும் நடுவே அந்தத் தகரக் கொட்டகை. உள்ளே நாற்காலி, மேசை எதுவும் இல்லை. சிமெண்டுத் தரைதான் வேலை செய்யும் இடம். தையல் மிஷினை ஒரு குழியில் இறக்கி, அதன் மேல்தட்டு தரைமட்டத்துக்கு வரும்படி வைத்திருந்தார்கள். தைப்பவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். முப்பதடித் துணி தரையிலேயே வழுக்கிக்கொண்டு ஊசிக்கு வருகிறது. மேசைமேல் வைத்துத் தைத்தால் துணியின் கனமே தையலை இழுத்துக் கோணலாக்கிவிடும் என்றார். கடையில் மூன்று பேர்: குழியில் உட்கார்ந்திருந்த மூத்தவர், துணியைப் பிடித்து நகர்த்தும் பையன், வாசலருகில் ஒரு மரக்கட்டையில் வளையம் அடித்துக்கொண்டிருந்த அக்கா.

"என்ன துணி நல்லதுங்கண்ணா?" என்றுதான் ஆரம்பித்தேன். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்களாம்.

"துணிய அப்பறம் பாப்பமுங்க. நடுத்துணி கிழிஞ்சு வந்த படுதாவ நான் கண்டதே கொறவுங்க. மூலைதான் கிழியும், இல்லாட்டி தையல் விடும். மொதல்ல அதைப் பாருங்க."

பிறகு ஒரு மூலையை எடுத்துக் காட்டினார். கூடாரமோ லாரிப் படுதாவோ, காற்று துணி முழுவதையும் தள்ளுகிறது. அந்த மொத்தத் தள்ளலும் கடைசியில் நாலைந்து புள்ளிகளில், கயிறு கட்டிய இடத்தில் வந்து சேர்கிறது. அங்கே ஒற்றைத் துணி நிற்காது. முக்கோண ஒட்டு ஒன்று, அதன்மேல் சற்றே சிறியதாக இன்னொன்று. இரண்டின் ஓரமும் ஒரே கோட்டில் முடியக் கூடாது, முடிந்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். ஒட்டுத் துணியின் இழையும் கீழ்த்துணியின் இழையும் ஒரே திசையில் ஓட வேண்டும். குறுக்காக வெட்டிய ஒட்டு இழுபடும். அடியிலுள்ள துணி இழுபடாது. ஆக, பாரம் முழுவதும் கீழ்த்துணிக்கே போய்விடும். ஒட்டு போட்டும் போடாத மாதிரிதான்.

தையலிலும் ஒரு கணக்கு உண்டு. நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று நான் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை, வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அப்படித்தான் கேட்பார்களாம். ஆனால் ஒவ்வொரு தையலும் ஒரு ஓட்டை. ஓட்டைகள் நெருங்கினால் தபால்தலையின் ஓரம்போல நேராகக் கிழிந்துவரும். கனத்த துணிக்கு நீளமான தையல், இரண்டு வரிசை, ஓரத்தை மடித்து மடிப்புக்குள் மடிப்பு. நூல் பாலியஸ்டர். பருத்தித் துணிக்கு மட்டும் பாலியஸ்டர் நூலின்மேல் பருத்தி சுற்றிய நூல் கிடைத்தால் விடாதீர்கள் என்றார். நனைந்ததும் அந்தப் பருத்தி உப்பி ஊசி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். மிஷின் போகாத மூலைக்குக் கோணி ஊசிதான். நூலைத் தேன்மெழுகில் இழுத்துவிட்டு, உள்ளங்கையில் தோல்பட்டை மாட்டிக்கொண்டு தள்ளுகிறார். அந்தத் தோலின் நடுவே ஊசிக்குண்டு பதிந்து பதிந்து குழி விழுந்திருந்தது.

அக்காவின் வேலை வளையம். இரும்பு வளையம் மலிவு, ஆனால் துருப்பிடிக்கும், துரு சுற்றியுள்ள துணியைத் தின்னும். பித்தளை அப்படிச் செய்யாது. "ஆனாலும் வளையம்னாலே துணிய வெட்டி ஓட்டை போடறதுதானுங்க. நாடா வெச்சுத் தைக்கறதுதான் கெட்டி" என்று தன் வேலையைப் பற்றியே சொன்னதை ரசித்தேன். நாடாவை வளைத்துக் காதுபோல ஆக்கி ஒட்டின்மேல் தைத்தால் ஒரு இழைகூட அறுபடுவதில்லை. கூடாரம் வாங்குகிறவர் கடையில் முதலில் தடவிப் பார்க்க வேண்டியது இந்தக் காதுகளைத்தான். நிறத்தையும் ஜன்னலையும் பிறகு பார்க்கலாம்.

நண்பர் ஒருவர் இணையத்தில் வாங்கிய நான்கு பேர் கூடாரத்தையும் ஜீப்பில் கொண்டுபோயிருந்தேன். வில்போல் வளையும் இரண்டு கம்பி, உள்ளே ஒரு துணி, மேலே மழைக்கு ஒரு துணி. சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது இந்த வகைதான். மூத்தவர் தரையில் விரித்து, தையலை உட்புறமாகத் திருப்பினார். தையல்மேல் ஒளி ஊடுருவும் நாடா ஒன்று சூட்டில் ஒட்டியிருந்தது. "இது நல்லா பண்ணியிருக்கான்" என்றார். மூலைக்கு வந்ததும் சிரித்துவிட்டார். ஒரே ஒரு சுற்றுத் துணி, விரலகலத்தில் நாடா, நாலு தையல். அவ்வளவுதான்.

பையில் 2000 மி.மீ. என்று அச்சிட்டிருந்தது. பலர் இதை மழையளவு என்று நினைக்கிறார்கள். துணியின்மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால், எத்தனை உயரத்தில் அடியில் துளி கசிகிறதோ அதுதான் அந்த எண். மேல்துணிக்கு 1500 முதல் 3000 வரை இருந்தால் போதும். தரைத்துணியின் கதை வேறு. ஈர மண்ணின்மேல் நாம் முழங்காலை ஊன்றினால், அந்தச் சிறிய இடத்தில் விழும் அழுத்தம் மழைத்துளியின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு. அதனால் தரைக்கு 3000-க்குக் குறையாமல், முடிந்தால் 5000 பாருங்கள். அதுவும் புதுத்துணிக்கான எண்தான். வெயிலும் மடிப்பும் அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். பாலியஸ்டரின் உட்பக்கத்தில் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சுக்கு நம் ஊர்ப் புழுக்கம் ஆகாது. ஈரத்தோடு சுருட்டிப் பரணில் போட்டுவைத்தால் கொஞ்ச காலத்தில் பிசுபிசுத்து நாற்றமெடுக்கும். அதன்பின் அந்தத் துணியைக் காப்பாற்ற வழியில்லை.

நைலானா பாலியஸ்டரா என்றால், வண்டியில் போகிறவருக்குப் பாலியஸ்டர். நைலான் நனைந்தால் தளர்ந்து தொங்கும், வெயிலையும் அவ்வளவு தாங்காது. முதுகில் தூக்கி நடப்பவர் எடைக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சுமப்பது இஞ்சின் என்கிறபோது நமக்கென்ன? இங்கேதான் நம் சந்தையில் ஒரு குழப்பம் இருக்கிறது. மலையேறுகிறவருக்காகக் கிராம் கிராமாகக் குறைத்துச் செய்த சாமானை டிக்கியில் போட்டுக்கொண்டு போகிறோம். மெல்லிய ஃபைபர் கிளாஸ் கம்பி ஒருநாள் நீளவாக்கில் பிளந்து சிலாம்பு சிலாம்பாக நிற்கும். அலுமினியக் கம்பி பெரும்பாலும் வளைந்துதான் போகும், குழாய்த்துண்டு ஒன்றை மேலே செருகி ஒப்பேற்றலாம். வண்டிக்காரர் தாராளமாக இரும்புக் கம்பிக்கே போகலாம். நாலு பேர் கூடாரம் என்பதும் தோளோடு தோள் இடித்துப் படுத்தால் நாலு பேர் என்றுதான் பொருள். இரண்டு பேர் போனால் நாலு பேருக்கானதை வாங்குங்கள்.

கனம் ஒரு பொருட்டில்லை என்று முடிவாகிவிட்டால் பருத்திக் கேன்வாஸ் நினைவுக்கு வரத்தானே செய்யும். மூத்தவர் அதைப் பற்றிப் பேசும்போது குழியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். வெயிலில் பாலியஸ்டர் கூடாரம் காலை எட்டு மணிக்கே அடுப்பாகும். கேன்வாஸ் மூச்சு விடும். மழையில் இழைகள் உப்பித் தாமே நெருங்கி நீரைத் தடுக்கும். அதனால் புதுக் கேன்வாஸ் கூடாரத்தை முதல் பயணத்துக்கு முன்பே வீட்டு முற்றத்தில் கட்டி, குடம் குடமாக நனைத்து, முழுக்கக் காயவிட்டு, மறுபடியும் நனைக்க வேண்டும். முதல் நனைப்பில் தையலோரம் ஒழுகும். அதைக் கண்டு கடைக்காரரைத் திட்டக் கூடாது. நனைந்திருக்கும்போது உட்புறம் விரல் வைத்தால் அந்த இடத்தில் நீர் இறங்கும். ஈரத்தோடு மடித்தால் கரும்புள்ளி பூசணம் பூக்கும், பூத்தது போகாது. மழைக்காலத்தில் தினமும் இடம் மாறுகிறவருக்குக் கேன்வாஸ் சரிவராது என்பது என் எண்ணம். ஓரிடத்தில் நாலு நாள் கூடாரம் போடுகிறவருக்கு அதைவிடச் சுகம் வேறில்லை.

கேன்வாஸ் வேலை மூத்தவருக்கு இப்போது அரிதாகத்தான் வருகிறது. சில்பாலின் என்ற பிளாஸ்டிக் விரிப்பு வந்தபிறகு விவசாயியும் லாரிக்காரரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அதில் பெரும்பகுதியைச் சூட்டில் ஒட்டியே முடித்துவிடலாம், தையலுக்கு வேலை குறைவு. பெட்டிபோல மூடிய கன்டெய்னர் பாடி வந்ததும் படுதாவே வேண்டாத லாரிகள் பெருகிவிட்டன. கூலி அடிக்கணக்கில். மூலைக்கு ஆகும் நேரம் அடிக்கணக்கில் வராது. அவர் தன் திறமையெல்லாம் காட்டுவது மூலையில், காசு வருவதோ நேர்த்தையலில். பையனுக்கு இந்தக் குழியில் உட்காரும் உத்தேசம் இல்லை. ரிக்குக்குப் போகப்போகிறானாம்.

அப்போதுதான் ரிக்கிலிருந்து விடுப்பில் வந்திருந்த ஒருவர், பழைய படுதாவுக்கு ஒட்டுப் போட வந்தார். சத்தீஸ்கரில் வேலை. கொட்டகைக்குப் பின்னால் இருந்த காலியிடத்தில் நண்பரின் கூடாரத்தை அவரே கட்டிக் காட்டினார். முதலில் தரையைப் பார்க்கவே இல்லை, தலையை அண்ணாந்து பார்த்தார். மேலே காய்ந்த கிளை, தென்னை, மின்கம்பி எதுவும் இருக்கக் கூடாது. பிறகு காற்று. வாசல் காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். காற்று வரும் பக்கம் வண்டியை நிறுத்தலாம். சரிவென்றால் வண்டி கூடாரத்துக்கு மேற்புறம் நிற்கவே கூடாது. கை பிரேக்கையும் சக்கரத்துக் கல்லையும் நம்பித் தூங்குவது அவருக்குப் பிடிக்காது. மழைக்காலத்தில் ஓடைமணலின் சமதளத்தைப் பார்த்து மயங்காதீர்கள், மழை மலைமேல் பெய்தாலும் தண்ணீர் ராத்திரியில் உங்களிடம்தான் வரும் என்றார்.

சங்ககிரிப் பக்கம் பாறைமேல் சாணளவு மண். கூடாரத்தோடு வந்த கம்பி முளைகள் இரண்டே அடி வாங்கியதும் கொக்கியாக வளைந்துவிட்டன. அவர் ஒன்றும் பேசாமல் அவற்றை ஓரமாக வீசிவிட்டு, லாரியில் இருந்து கடப்பாரைகளை எடுத்துவந்து படுக்கவைத்து, நடுவில் கயிற்றைக் கட்டி, மேலே கல்லேற்றினார். "சைட்ல ராடையே படுக்க வெச்சுக் கட்டிருவோமுங்க. புயலே வந்தாலும் நகராது." மணலில் அதே கடப்பாரையைக் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்களாம். நல்ல மண் என்றால் ஒரு முழ நீளமுள்ள முளை, தலை கூடாரத்தை விட்டு வெளிப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும், கயிறும் முளையும் செங்குத்தாகச் சந்திக்கும்படி. சங்க நூலான முல்லைப்பாட்டில் வரும் பாசறையிலும் வீரர்கள் தூணை நட்டுக் கயிற்றை இழுத்துத்தான் இருக்கை அமைக்கிறார்கள். இதில் புதிதாகக் கண்டுபிடிக்க அதிகம் இல்லை போலும்.

கூடாரத்துக்கு அடியில் விரிக்க நண்பர் பெரிய விரிப்பு ஒன்று வாங்கியிருந்தார். அதைப் பார்த்ததும் ரிக்காரர் ஓரத்தை நாலாபுறமும் உள்ளே மடித்துவிட்டார். விரிப்பு கூடாரத்தைவிட ஒரு விரற்கடையாவது சிறிதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்துணியில் வழிகிற மழையை வாங்கிப் படுக்கைக்கு அடியில் கொண்டுவந்து சேர்த்துவிடும். 'கூடாரம் ஒழுகுகிறது' என்கிற புகார்களில் ஒரு பங்கு இதுதான். இன்னொரு பங்கு நம் மூச்சு. எல்லா ஜன்னலையும் மூடிவிட்டுத் தூங்கினால் விடியும்போது உட்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருக்கும். குளிருக்குப் பயந்து காற்றோட்டத்தை அடைப்பவர்கள் நனைந்து எழுகிறார்கள். அடைத்த கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ வைப்பவர்கள் எழாமலே போகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

காட்டில் எங்கே வேண்டுமானாலும் இறங்கிக் கட்டலாம் என்ற நினைப்பும் வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் தங்குவது குற்றம். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், தங்கும் விடுதி ஒன்றின் கூடாரத்தில் இரவு தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் தெரிந்தவர் தோட்டத்தில் கேட்டுக்கொண்டு தங்குவதே நல்லது. அங்கும், தலைக்குமேல் கிளை இல்லாதபடி, சில்வர் ஓக் மரத்தடியை விட்டுத் தள்ளி.

கடைசியில் கேன்வாஸ் கூடாரம் ஒன்று தைத்துத் தருவீர்களா என்று மூத்தவரிடம் கேட்டேன். முழுக்கூடாரம் தைக்க மாட்டேன் என்றுவிட்டார். லாரிக்காரர் படுதா கேட்டு வாசலில் நிற்கையில் அதற்கு நாள் ஒதுக்க முடியாது. ஜீப்பின் பக்கவாட்டிலிருந்து இழுத்துக் கட்டும் பத்துக்குப் பன்னிரண்டு கேன்வாஸ் பந்தல் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார். நண்பரின் கூடாரத்துக்கு மூலை ஒட்டுகளையும் புதுக் காதுகளையும் போட்டுத் தருவதாகச் சொன்னார். ஒட்டுத் தையலின்மேல் நான்தான் பசை பூசிக்கொள்ள வேண்டும், அவரிடம் அது இல்லை.

"ஜிப்பு மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க" என்றார். கூடாரத்தில் முதலில் போவதே அதுதான். பெரும்பாலும் பல் தேய்வதில்லை. மணல் புகுந்து, பற்களைச் சேர்க்கும் ஓடியின் வாய் அகன்றுவிடும், பல் சேராது. குறடால் ஓடியின் இரு பக்கமும் மெல்ல அழுத்தினால் ஒரு பயணம் ஓடும். நண்பரின் கூடாரத்தில் இருந்தது ஐந்தாம் எண், சின்னது. சேலத்தில் பை தைக்கும் கடையில் பத்தாம் எண் ஜிப்பாக மாற்றச் சொல்லுங்கள், ஓடி இரண்டாகப் போட்டு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கும்படி கேளுங்கள் என்று சொல்லி, கடை இருக்கும் சந்தையும் பையனிடம் எழுதி வாங்கிக் கொடுத்தார். ஒட்டுப் போட்ட கூடாரத்தோடு மறுநாள் போனேன். அந்தக் கடைக்காரர் கூடாரத்தை விரித்து ஜிப்பைப் பார்க்கும் முன்பே மூலையைத் தூக்கிப் பார்த்து, இந்த ஒட்டை யார் போட்டது என்று கேட்டார்.