பூக்கடையும் நடராஜரும்

சனிக்கிழமை

தங்கை மகளின் விவாகம் தை மாதத்தில் நிச்சயமாகியிருப்பதால், பத்திரிகை அச்சடிக்கக் கொடுப்பதையும் தாம்பூலப் பைக்கு வேண்டிய சாமான்களை மொத்த விலைக்கு வாங்குவதையும் ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று, தங்கையும், ஒரகடத்தில் டை காஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கும் அவள் மகனும், நானும் ஸ்ரீபெரும்புதூரில் விடியற்காலையிலேயே பஸ் ஏறினோம். இரவு ஷிப்டு முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் எதிரே வரிசையாக வந்துகொண்டிருந்தன. பூந்தமல்லி வழியாகக் கோயம்பேட்டை அடைந்து, மெட்ரோ ரயிலில் சென்ட்ரல் சென்று வண்டி மாறி, உயர் நீதிமன்ற நிலையத்தில் மேலே ஏறி வந்தால், பாரிமுனையின் சந்தடி முழுவதும் ஒரே கணத்தில் காதில் விழுகிறது.

நம் பக்கத்துப் பிள்ளைகள் துணி வாங்க ரங்கநாதன் தெருவுக்குப் போய், நெரிசலில் களைத்து, அதுதான் பட்டணம் என்று எண்ணித் திரும்பிவிடுகிறார்கள். எனக்கோ, இந்த நகரத்தின் உண்மையான சுபாவம் தெரிய வேண்டுமானால் பூக்கடையைச் சுற்றிய தெருக்களிலேதான் ஒரு பகல் முழுவதும் நடக்க வேண்டும் என்பது திடமான அபிப்பிராயம். ஜவுளிக்குக் கோடவுன் தெரு, காகிதத்துக்கும் கலியாணப் பத்திரிகைக்கும் ஆண்டர்சன் தெரு, நாட்டு மருந்துக்கு ராசப்பச் செட்டித் தெரு என்று தெருவுக்கொரு வியாபாரமாக வகுத்துக்கொண்டு வாழும் இந்த இடத்தைக் குழப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மூட்டை ஏற்றிய மீன்பாடி வண்டிக்காரர் “ஓரம், ஓரம்” என்று குரல் கொடுத்தால், அத்தனை ஜனத்திரளும் ஒரு முழம் விலகி வழிவிட்டு, மறுபடி கூடிக்கொள்கிறது.

ஆண்டர்சன் தெருக் கடைக்காரர் மாதிரி அட்டைகளைத் தங்கையின் முன் பரப்பி, ஒவ்வொன்றின் விளிம்பையும் கட்டைவிரலால் சுண்டி, அந்த ஓசையைக் கொண்டே கனத்தைச் சொன்னார். “இது முந்நூறு ஜிஎஸ்எம், அம்மா. தபாலில் போனாலும் மடங்காது” என்றார். தங்கையும் சுண்டிப் பார்த்துவிட்டு, அதைவிட லேசான மஞ்சள் அட்டையையே எடுத்தாள்.

பிற்பகல் சென்னகேசவப் பெருமாள் கோவிலுக்குப் போனோம். எங்கள் ஊர் ஆதிகேசவன் சந்நிதியில் தினமும் நிற்கிற எங்களுக்கு அங்கே அந்நியம் தோன்றவில்லை. இக்கோவில் ஆதியில் இருந்த இடம் இப்போது உயர் நீதிமன்றம் நிற்கும் இடம். பிரெஞ்சுக்காரரின் முற்றுகையை அஞ்சிய கும்பெனியார் கோட்டையைச் சுற்றி வெட்டவெளி வேண்டும் என்று 1757-இல் பழைய கோவிலை இடித்துவிட, பின்னால் இந்த இடத்தில் சென்னமல்லீசுவரரோடு சேர்த்துப் புதிதாக எழுப்பினார்கள். கோவில் இருந்த அந்த நிலத்தில் 1892-இல் எழுந்த நீதிமன்றத்தின் உச்சிக் கோபுரம், 1894 முதல் 1977 வரை கப்பல்களுக்குக் கலங்கரை விளக்கமாகவும் இருந்தது என்று சொன்னதும், மருமகன் மறுபடி சாலைக்கு வந்து அண்ணாந்து பார்த்தான்.

இரவு புரசைவாக்கத்தில் உறவினர் வீட்டில் தங்கல்.

ஞாயிற்றுக்கிழமை

1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடத்தில், நம் ஊருக்கு வெகு தூரமில்லாத திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரொதேன், புகைப்படங்களை மட்டும் பார்த்தே இந்த மூர்த்தியின் அழகில் லயித்து எழுதினார். அவர் எழுதியது 1921-இல் பிரசுரமாயிற்று. கடல்கடந்த ஒரு மேதை படத்திலே கண்டு பரவசமடைந்ததை, அரை நாள் பிரயாணத்தில் நேரிலே காணக்கூடிய நாம் காணாமலே இருப்பது பெரிய நஷ்டம் என்று எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

மருமகன் நான் சொன்னதைக் கேட்டதாகத் தோன்றவில்லை. குனிந்தும் நிமிர்ந்தும், தூக்கிய திருவடியின் ஓரத்தையும் முன்கையின் அடிப்பக்கத்தையும் கண்ணாலேயே தடவிக்கொண்டிருந்தான். “பார்ட்டிங் லைனே இல்லையே, மாமா” என்றான். இரண்டு பாதி அச்சுகள் சேருமிடத்தில் உலோகத்தில் விழும் கோட்டை அரத்தால் தேய்த்துப் போக்குவதுதான் அவன் சேர்ந்த புதிதில் செய்த வேலையாம். மெழுகிலே உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள் என்றும், ஆறியபின் மண்ணை உடைத்துத்தான் மூர்த்தியை எடுக்க வேண்டும் என்றும் விளக்கினேன். “அப்போ அந்த அச்சில் இன்னொன்று வராதா? எங்கள் அச்சில் ஆயிரக்கணக்கில் எடுப்போமே!” என்று கேட்டவன், வெகு நேரம் அவ்விடம் விட்டு நகரவில்லை. தங்கை பெஞ்சியில் அமர்ந்து, வாங்கிய வெற்றிலைத் தட்டுகளையும் குங்குமச் சிமிழ்களையும் கணக்குப் பார்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில் இருங்காட்டுக்கோட்டை வரும்வரை அவன் போனில் பேசிக்கொண்டே வந்தான். அறையில் உடன் தங்கியிருக்கும் ஒடிசாப் பையன்களிடம், வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அதனால் வாராந்தர ஓய்வு ஞாயிற்றுக்கிழமை விழும்போது காலையிலேயே கிளம்பிவிட வேண்டும் என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தான்.